எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்டால்

கடலூர் முதுநகர்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் இசைவாணிக்கு, அப்பா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு சர்புன்னிசா எழுதுவது. நான் நடமாட்டத்தோடு இருக்கிறேன், புனேயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். முதலில் இதைக் கேள், என் நம்பரிலிருந்து யார் பேசினாலும் ஒரு ரூபாய் அனுப்பாதே. சர்புன்னிசா போனிலிருந்து ஆறு தடவை கூப்பிட்டோம், நீ எடுக்கவில்லை, தெரியாத நம்பரை எடுக்காதே என்று சொல்லி வைத்தவனே நான்தான்.

பொங்கலுக்கு வந்தபோது கடலை வண்டியில் நீ வைத்துக் கொடுத்த பெட்டி, யாராவது போனில் காசு போட்டதும் இருபது ரூபாய் வந்தது என்று சத்தமாகச் சொல்லும், படிக்காத எனக்கு வசதிதான். ஆனால் தெருவுக்கே கேட்கும் என்பதை நாம் யோசிக்கவில்லை. மாமூல் வாங்கும் செம்பியன் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "பெருசு, உன் பொட்டி ஜாஸ்தி பேசுதே" என்று ஐம்பதை நூறாக்கினான். போன திங்கட்கிழமை, "சிம்மும் ஏடிஎம் கார்டும் ஒரு வாரம் குடு, இனிமே உனுக்கு மாமூலே கெடையாது" என்றான். மாட்டேன் என்ற பக்கத்து வண்டிக்காரன் இளவரசுவின் வண்டியை செம்பியனின் ஆட்கள் வாய்க்காலில் தள்ளியது ஞாபகம் வந்தது, கொடுத்துவிட்டேன். மறுநாள் உச்சி வெயிலில் வண்டி முன்னால் ஒரு ஆள் இல்லை, பெட்டி நாற்பதாயிரம் வந்தது என்றது. பிறகு பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு, விளக்கு வைக்கிற நேரத்தில் அறுபத்தெட்டாயிரம். சர்புன்னிசாதான், "மாமா, எங்கியோ யாரையோ ஏமாத்துன காசு, போலீஸ் உங்களத்தான் தேடி வரும்" என்றாள். புதன்கிழமை இரண்டு பேரும் பேங்குக்குப் போனோம், தொகையும் நேரமும் வரிசையாகச் சொன்னேன், மேனேஜர் கம்ப்யூட்டரில் பார்த்து ஒன்றுகூடத் தப்பவில்லை என்று கணக்கை நிறுத்தினார். போலீசுக்கு மனுவை அவள் எழுதினாள், நான் கைநாட்டு வைத்தேன்.

அதிலிருந்து பெட்டி பேசவில்லை. நேற்று செம்பியன் ஒரு பிடி கடலையை அள்ளிக்கொண்டு, "இன்னா பெருசு, பேங்குக்குப் போனியா" என்றான். கைநாட்டு ஆள் நான் எங்கே போக என்றேன். சிரித்தான். சிரித்துவிட்டு, "அப்ப உனுக்கு எழுதிக் குடுத்தது யாரு" என்று சர்புன்னிசா வீட்டுப் பக்கம் பார்த்தான். என் மகள் புனேயிலிருந்து கம்ப்யூட்டரிலேயே எல்லாம் செய்துவிட்டாள் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே அம்மா. நீ தூரத்தில் இருக்கிறாய், இவள் இரண்டு பிள்ளைகளோடு அடுத்த சுவரில் இருக்கிறாள். இதை எழுத மாட்டேன் என்று பேனாவை வைத்துவிட்டாள், நான்தான் எழுதச் சொன்னேன்.

தீபாவளிக்கு இங்கே வராதே. சிதம்பரத்தில் தைலம்மாள் அத்தை வீட்டுக்கு வா, நான் பஸ் ஏறி வந்து பார்க்கிறேன். எந்தக் குறையும் இல்லாமல் நீ நீண்ட நாள் இருக்க வேண்டும். மறக்காதே, என் நம்பரிலிருந்து கூப்பிட்டு எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்டால், நீ "நான்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடு.

இப்படிக்கு உன் அப்பா,
தேவநாதன் (கைநாட்டு)