நான்காவது கையெழுத்து

டார்ன்பி, 3 ஜூன் 1559

அன்புள்ள ஆம்ப்ரோஸ் அண்ணாவுக்கு,

இருமலுக்குத் தேன் அனுப்பினேனே, கிடைத்ததா? ஒரு வரி எழுதக்கூடாதா?

போப் அல்ல, புது ராணிதான் இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தலைவி என்று ஆயர்களிடம் உறுதிமொழி கேட்கிறார்களாம்; நீங்களும் மறுக்கிறீர்களாம். நேற்றுச் சாப்பிடும்போது என் கணவர் சிரித்தார்: "உங்கண்ணன் மூணு ராஜாங்கத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்தானே? நாலாவதுக்கு மட்டும் கை சுளுக்கிக்கிச்சா?" எனக்குக் கோபம் வந்தது. தன் நீதிபதி பதவி போய்விடுமோ என்று அவருக்குப் பயம். போட்டுவிடுங்கள் அண்ணா.

உங்கள் உர்சுலா

ஆயர் மாளிகை, 19 ஜூன்

அன்புத் தங்கைக்கு,

தேன் வந்தது. இருமல்தான் போகவில்லை.

உன் கணவர் கேட்டது நியாயம். பழைய அரசருக்காகப் போப் வேண்டாம், அரசரே திருச்சபைக்குத் தலைவர் என்று கையெழுத்திட்டேன். கல்லூரித் தலைவன் ஆனேன். அவர் மகனுக்காகப் பழைய கத்தோலிக்கப் பூசை வேண்டாம் என்று இட்டேன், தலைவனாகவே நீடித்தேன். பிறகு வந்த ராணிக்காக, இப்போதைய ராணியின் அக்காவுக்காக, மறுபடி போப் வேண்டும் என்று இட்டேன், ஆயர் ஆனேன்.

முதல் தடவை எங்கள் கல்லூரி ஆசிரியன் மைல்ஸ் கார்த் மறுத்தான். கிரேக்கம் கற்பிப்பதில் அவனுக்கு இணை கிடையாது. நானே அவனை வெளியேற்றினேன். மழையில் புத்தக மூட்டையோடு நின்றவன், "நீங்க நல்லவர்னுதான் இன்னும் நெனைக்கிறேன் ஐயா" என்றான். அடுத்த வசந்தத்துக்குள் காய்ச்சலில் போய்விட்டான். அவன் மறுத்த அதே உறுதிமொழிதான் இப்போது என் முன்னால் இருக்கிறது.

நேற்று அதிகாரிகள் வந்தார்கள். "ஒரு வரிதானே ஆயரே, எதுக்கு இந்த வீம்பு?"

"வீம்புதான். அறுபது வயசுல இப்பத்தான் வந்திருக்கு, அனுபவிச்சுக்கறேன்."

மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள். "நீங்களே இழுத்துக்கங்க" என்று விரலை நீட்டினேன். வெண்ணெய் தடவித்தான் இழுக்க முடிந்தது.

நாளை லண்டன் சிறைக்குப் போகிறேன். இனி எழுதாதே, உனக்குத்தான் தொல்லை.

அண்ணன் ஆம்ப்ரோஸ்

டார்ன்பி, 8 ஜூலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

எழுதாதே என்றீர்கள், எழுதுகிறேன்.

திங்களன்று ஓர் அதிகாரி இங்கேயும் வந்தார். உங்களுக்குக் கடிதமோ உணவோ அனுப்பமாட்டோம், உங்களை உறவென்று சொல்லமாட்டோம் என்று ஒரு தாள். என் கணவர் கையெழுத்து இட்டுவிட்டார். எழுதுகோலை என் கையில் திணித்து, "போட்டுரு உர்சுலா, குடும்பம் பொழைக்கட்டும்" என்றார்.

நான் அசையவில்லை. "பொம்பளை கையெழுத்தை யாரும்மா படிக்கப்போறாங்க?" என்று அதிகாரி சிரித்தார்.

"அப்ப எதுக்குக் கேக்கறீங்க?" என்றேன். எழுதுகோலை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அன்றிலிருந்து என் கணவர் என்னோடு பேசவில்லை. பேசும்போது பேசட்டும். கம்பளிப் போர்வையும் பாலாடைக்கட்டியும் கட்டி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை வியாபாரிகளின் வண்டியில் புறப்படுகிறேன். சிறை வாசலில் யாரென்று கேட்பார்கள். "ஆயரோட தங்கச்சி" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வேன்.

உர்சுலா