இரவல் ஆளைக் கழற்றி வைப்பது

நவ. 10, திங்கள்

விடியும்போதே மழை. ஒரகடம் கூட்டுச் சாலையில் முழங்கால் தண்ணீர். கன்டெய்னர் லாரிகள் நின்றுவிட்டன, நடுவில் கல்லூரிப் பஸ். முதல் பீரியட் போயிற்று. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே முடிவு செய்தது: இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். வேறு இடமில்லாததால் முதலில் இந்த நாட்குறிப்பில்.

வெள்ளியன்று ஆய்வுக் குழு வருகிறது. காட்ட வேண்டியது, இளங்கலை உளவியல் படிப்பை வளப்படுத்தும் புதிய வழிகள். து.த. இன்று கூட்டத்தில் திரை போட்டுக் காட்டினாள். து.த. என்றால் துறைத் தலைவி நளினி. ஒரு காலத்தில் என் வகுப்பில் மூன்றாம் வரிசை. கேள்வி கேட்காத ரகம்.

திரையில் வந்தவை எல்லாம் நான் எப்போதோ எழுதிக் கொடுத்துத் திருப்பப்பட்டவை:

— மாணவர்கள் ஒரு மாதம் புத்தகத்தைத் தொடாமல் கம்பெனி பஸ்களில் போய், தூங்குகிறவர்களின் முகத்தைக் கவனிப்பது.
— மனைகளாகிவிட்ட ஏரி எங்கே இருந்தது என்று ஊரில் பலரிடம் கேட்டு வரைபடம் போடுவது. ஒரு படம்போல் இன்னொன்று வராது. நினைவாற்றல் பாடம் அதுதான்.
— இரவல் ஆள்.

என் பெயர் எங்கும் இல்லை. அடியில் சின்ன எழுத்தில்கூட.

இந்த இரவல் ஆள் (இ.ஆ.) பற்றி மட்டும் எழுதி வைக்கிறேன், அது நான் உண்டாக்கியது. வகுப்பே சேர்ந்து இல்லாத ஒருவரை உருவாக்க வேண்டும். வாரம் ஒரு மாணவர் அவரைச் சட்டைபோல் போட்டுக்கொள்வார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். முந்தையவர் சொன்னதை மாற்றக் கூடாது, சேர்க்கலாம். வேறு விதி இல்லை. நடிப்புப் பயிற்சி அல்ல. ஒரு மனிதரை முழுதாகக் காதுகொடுத்துக் கேட்கப் பழகுவது.

கடைசிப் படி, கழற்றுவது. போட்டுக்கொண்டவர் எதிரே இன்னொருவர் உட்கார்ந்து, சொந்தப் பெயரால் கூப்பிட வேண்டும். அப்பா பெயர், ஊர், காலையில் என்ன சாப்பிட்டாய். தடங்கலில்லாமல் பதில் வரும்வரை எழுந்திருக்க விடக் கூடாது.

அதை து.த. வெட்டிவிட்டாள். பீரியடுக்குள் அடங்கவில்லையாம். மணி அடித்ததும் அறை பி.காம். வகுப்புக்கு வேண்டுமாம். “அதெல்லாம் சடங்கு சார்.” ஜூலையில் சொன்னது. செய்து பார்க்கட்டும் என்று விட்டேன்.

குடையை பஸ்ஸில் மறந்தேன்.

நவ. 11, செவ்வாய்

மழை இல்லை. வெயிலும் இல்லை. சாக்ஸ் காயவில்லை, ஈரத்தோடு போட்டுக்கொண்டது.

இரண்டாம் ஆண்டின் இ.ஆ. பெயர் இசக்கி. சங்கரன்கோவில் பக்கம். போன் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் லைன் வேலை. வடக்குப்பட்டில் ஹாஸ்டல். பெயர் வைத்தது வகுப்புக் கோமாளி பிரசாந்த், எங்கோ காதில் விழுந்த பெயராம். முறை வருகிறவர்கள் லீவு போட்டுவிடுவதால் இசக்கி திரும்பத் திரும்ப திவ்யா தலையில். பென்னலூர்ப் பெண். அப்பா பெருமாள், நிலத்தை விற்று வேன் வாங்கியவர். தெற்குப் பக்கமே போயிராதவள்.

இன்று பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன்.

பிரசாந்த் கேட்டான்: “இசக்கி, தூக்கம்லாம் வருதா?”

“எங்க வருது? ஜன்னல் கட்டிலுலா எனக்கு. வெளிச்சம் வராம காலண்டர் தாள ஒட்டிருக்கேன். அப்பயும் வரல.”

“லைன்ல இன்னா வேல?”

“ஸ்க்ரூ முடுக்கணும். கண்ண மூடிப் படுத்தாலும் கை முடுக்கிட்டே கெடக்கும்.”

சொல்லும்போதே அவளுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மேசைமேல் எதையோ முடுக்கின. சிரித்தார்கள். விரல்கள் நிற்கவில்லை. சிரிப்பு நின்றது.

மணி. பி.காம். கூட்டம் உள்ளே வந்தது. இவள் வெளியே போனாள். தண்ணீர்க் குழாயருகே பிரசாந்த், “யே திவ்யா, பாட்டில் குடு,” என்றான். அவள் திரும்பவில்லை. அடுத்தடுத்துக் கூப்பிட்டபோதும். “இன்னா திமிரு பாரேன்,” என்றான் என்னிடம்.

நவ. 12, புதன்

தூறல். திவ்யாவின் அம்மா கஸ்தூரி ஆசிரியர் அறைக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு நின்றார்.

“சைகாலஜி சார் நீங்கதானே? எம் பொண்ணு வூட்ல ஒரு தினுசா பேசிக்கினு கீது சார். தங்கச்சிய ஏட்டின்னு கூப்புடுது. எங்க வூட்ல யாரு அப்டி பேசுவா? விடியறதுக்குள்ள எழுந்து குளிச்சிட்டு, ஷிப்ட்டுக்கு நேரமாச்சின்றா.”

“அவங்க அப்பா என்ன சொல்றாரு?”

“மந்திரிக்கலாம்ன்றாரு. காலேஜ்ல மாட்டி வுட்டத காலேஜ்லயே கேப்போம்னு நான் வந்தேன்.”

து.த.விடம் அழைத்துப் போனேன். நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். “அது பாடம்மா. பொண்ணு ரொம்ப ஆழமா ஈடுபடறா. நீங்க பெருமைப்படணும்.”

“பெருமையெல்லாம் கெடக்கட்டும் மேடம். சாயந்தரம் வூட்டுக்கு வரது எம் பொண்ணா இருக்கணும்ல.”

அவர் போன பிறகு சொன்னேன். கடைசிப் படியைத் திரும்பச் சேர்க்க வேண்டும், வெள்ளியன்று திவ்யா இசக்கியைப் போட்டுக்கொள்ளக் கூடாது. து.த. கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“உங்க ஐடியா நல்லா ஓடுதேன்னு கஷ்டமா இருக்கா சார்?”

ஆக, அது என்னுடையது என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக வாயால் சொல்லியிருக்கிறாள். சாயங்காலம்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். திவ்யாவைப் பற்றிய பேச்சு அந்த இடத்திலேயே நின்றுபோனது பஸ்ஸில்தான் உறைத்தது.

நவ. 13, வியாழன்

ஷிப்ட்டுக்கு என்று கிளம்புகிறவள் எங்கே போகிறாள் என்று பார்க்க, வெளுக்கும் நேரத்துக்கு வடக்குப்பட்டு பஸ் நிறுத்தம் போனேன். பனிபோல் ஈரம். கம்பெனி கோட் போட்ட பெண்கள் வரிசையாக. நிறையப் பேர் நின்றபடியே கண்ணை மூடியிருந்தார்கள். அவர்கள் நடுவே திவ்யா, கல்லூரிப் பையோடு.

வரிசையில் யாரோ: “ஏட்டி இசக்கி, நேத்து ஏன் வரல?”

“மேலுக்குச் சொகமில்ல.”

பஸ் வந்தது. கம்பெனி அட்டை இல்லாமல் ஏற்ற முடியாது என்று டிரைவர் இறக்கிவிட்டார். ஜன்னலோரம் ஒரு இடம் காலியாக இருந்தது. யாரோ அதன்மேல் துப்பட்டா போட்டு வைத்திருந்தார்கள். பஸ் அப்படியே போயிற்று.

பக்கத்தில் போய், “திவ்யா,” என்றேன்.

“யாரு வேணும் சார்?” மரியாதையாகத்தான் கேட்டாள். பிறகு பென்னலூர்ப் பக்கம் நடந்துபோனாள்.

அடுத்த வண்டிக்கு நின்ற ஒரு பெண்ணிடம் விசாரித்தேன். பெயர் செல்வக்கனி.

“அந்தப் பொண்ண உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

“இசக்கியா? எங்க ஊர்ப் பிள்ளைலா.”

“எந்தத் தெரு?”

யோசித்தாள். “தெருவு தெரியல. எங்க ஊருதான்.”

“அவ எங்க காலேஜ் பொண்ணும்மா. இசக்கின்றது கிளாஸ்ல நாங்களா வெச்ச பேரு. அப்படி ஒரு ஆளே கிடையாது.”

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். “அந்தப் பேரச் சொல்லி வாராவாரம் கூப்புட்டுருக்கிய. வராம இருப்பாளா சார்?”

அவளுடைய பஸ் வந்துவிட்டது.

டீ குடித்தேன். ஆறிப்போன டீ. கல்லூரியில் நாள் முழுக்கத் தோரணம் கட்டினார்கள்.

நவ. 14, வெள்ளி

வெயில். குழுவில் மூன்று பேர், சால்வை, முந்திரி. திவ்யாதான் இசக்கியைப் போட்டுக்கொண்டாள். து.த. பட்டுப்புடவை.

குழுவில் மூத்தவர் தானே ஒரு கேள்வி கேட்டார். “அப்பா பேர் என்னம்மா?”

இசக்கிக்கு இதுவரை யாரும் அப்பா பெயர் வைக்கவில்லை. இவள் யோசிக்கவே இல்லை. “சொடலமுத்து. செத்துட்டாரு. எனக்குச் சொல்லல, லைன்ல போன் எடுக்க விட மாட்டாங்கள்லா.”

மூன்று பேனாக்களும் ஓடின. மணி அடித்தது. கைதட்டல். கதவில் பி.காம். எழுந்து முன்னால் போனேன்.

“திவ்யா. உன் பேர் சொல்லு.”

சிரித்த முகமாக என்னைப் பார்த்தாள். கடைக்காரர் வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல்.

“திவ்யா. உங்க அப்பா பேர் என்ன?”

“பாத்திரத்துலயே நிக்கறாங்க, பிரமாதம்,” என்றார் மூத்தவர்.

“சார், போதும்,” என்றாள் து.த. மெதுவாக. உட்கார்ந்துவிட்டேன். முந்திரி என்னிடம் வரும்போது தட்டு காலி.

ஏழு மணிக்கு கஸ்தூரி போன். பெண் வீட்டுக்கு வரவில்லை. வேனில் அவர்களோடு மறைமலை நகர் வரை தேடினேன். பெருமாள் ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் வேனை மெதுவாக்கினார். போலீசில் சொல்லியாயிற்று.

நவ. 15, சனி

நான் முந்தின நாளே யோசித்திருக்க வேண்டிய இடம். காலையில் கஸ்தூரியோடு வடக்குப்பட்டு ஹாஸ்டல். வார்டன் ஊருக்குப் போயிருந்தார். செல்வக்கனி கதவைத் திறந்தாள்.

“அழுதுட்டு நின்னா சார். கட்டில் சும்மாதான கெடக்குன்னு படுக்க வச்சோம்.”

மாடி அறை. பகலிலும் இருட்டு. ஜன்னல் முழுக்க காலண்டர் தாள். இதில் வியக்க ஒன்றுமில்லை. நைட் ஷிப்ட் பெண்கள் பகலில் தூங்க வேண்டும், எல்லா ஹாஸ்டலிலும் ஒட்டுவார்கள். திவ்யா இதை யாரிடமாவது கேட்டிருக்கலாம். எழுதும்போது சரியாகத்தான் படுகிறது.

ஜன்னலோரக் கட்டிலில் அவள். கண் திறந்திருந்தது. விரல்கள் வயிற்றின்மேல் முடுக்கிக்கொண்டிருந்தன.

“இது யாரோட கட்டில்?”

“யாரும் படுக்க மாட்டாவ சார். படுத்தா கை இப்படி ஓட ஆரம்பிச்சுரும்.”

கஸ்தூரிக்குக் கடைசிப் படியைச் சொன்னேன். வேறெதுவும் எனக்குத் தெரியாது. அவர் கட்டில் எதிரே தரையில் சம்மணம் போட்டார்.

“உம் பேரு இன்னா?”

“இசக்கி.”

“உங்கப்பன் பேரு?”

“சொடலமுத்து.”

“உங்கப்பன் பெருமாளு. வேன் ஓட்றவன். ராவெல்லாம் சோறு துன்னாம குந்திக்கினு கீறான். உம் பேரு இன்னா?”

திரும்பத் திரும்ப. ஒரே குரலில், கோபமில்லாமல், கணக்கு சொல்லிக்கொடுக்கிறவர்போல். பெண்கள் ஷிப்ட் முடிந்து வந்தார்கள், தாண்டிப் போனார்கள், சாப்பிட்டார்கள். யாரோ எங்களுக்கும் தட்டில் சோறு வைத்தார்கள். காலண்டர்த் தாளின் ஓரங்களில் வெளிச்சம் பழுப்பாகிவிட்டது. கஸ்தூரியின் குரல் கட்டிப்போயிற்று.

“நேத்து காத்தால வூட்ல இன்னா துன்ன?”

விரல்கள் மட்டும் முடுக்கின.

“இன்னா துன்னன்னு கேட்டேன்.”

“உப்புமா.” முகத்தைச் சுளித்தாள். “உப்பே இல்ல.”

“இருந்துச்சிடி.”

“இல்லமா. அப்பாவும் சொன்னாரு.”

விரல்கள் நின்றன. கஸ்தூரி அழவில்லை. அவள் முகத்தைத் தன் முந்தானையால் அழுத்தித் துடைத்தார். பேரும் ஊரும் அதன்பின் தானாக வந்தன.

படியிறங்கும்போது நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன். செல்வக்கனி அந்தக் கட்டிலில் புது விரிப்புப் போட்டு, தலையணையைத் தட்டி வைத்துக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று கேட்டேன்.

“காலியா விடக் கூடாதுலா சார்.”

நவ. 16, ஞாயிறு

துணி துவைத்தது. மாடிக் கொடியில் இடமில்லை, பக்கத்து வீட்டுக்காரர் புடவைகள். பழைய சண்டை, இன்று போடத் தெம்பில்லை.

கஸ்தூரி போன். திவ்யா தூங்குகிறாளாம், நேற்றிரவிலிருந்து. அவளைப் பி.காம்.முக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். காய்ச்சல் என்று கல்லூரிக்குச் சொல்லிக்கொள்வோம், நடந்தது நம் இருவரோடு இருக்கட்டும் என்றார். சரி.

நவ. 18, செவ்வாய்

மறுபடி மழை. காலையில் து.த.விடம் சொன்னேன், இசக்கியை இத்தோடு நிறுத்திவிடலாம் என்று. “குழு பாராட்டினத நிறுத்தச் சொல்றீங்க,” என்றாள். கோபம்கூட இல்லை. எழுதிக்கொண்டே சொன்னாள்.

இன்று முறை பிரசாந்துக்கு. துப்பட்டா இரவல் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பை ஆட்டி வந்தான். ஒரே சிரிப்பு. நாற்காலியில் உட்கார்ந்தான்.

முன்வரிசைப் பெண் கேட்டாள்: “எப்படி இருக்க இசக்கி?”

துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டான்.

“இருக்கேன். ஒரு பிள்ள எங்கூட வந்து கெடந்தா. அவ அம்ம வந்து, உப்புக்குச் சண்ட போட்டுக் கூட்டிட்டுப் போய்ட்டா.”

வகுப்பு சிரித்தது. சனிக்கிழமை நடந்ததை இந்த வகுப்பில் யாரும் அறிய வழியில்லை.

“இப்பக் கட்டில் காலியாத்தான் கெடக்கு,” என்றான். “ஆளு வேணும்லா.” சொல்லும்போது வகுப்பை வரிசை வரிசையாகப் பார்த்தான். கடைசி வரிசைவரை. என்னையும்.

மணி அடித்ததும் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மாடிப்படியில் உட்கார வைத்தேன். து.த. பின்னால் கூப்பிட்டதைக் காதில் வாங்கவில்லை. பேர், அப்பா பேர், ஊர். பி.காம். கூட்டம் எங்களைத் தாண்டி ஏறிப் போயிற்று. அடுத்த மணியும் அடித்தது.

“பிரசாந்து சார். எங்கப்பா முருகன் சார். காத்தால, நேத்து மிஞ்சுன பிரியாணி துன்னேன் சார். வுடு சார்.” வழக்கமான பேச்சுதான். ஆனால் சிரிக்கவில்லை. எழுந்து போகும்போது கேட்டான்: “சார், திவ்யாவ எங்க வுட்டீங்க?”

மாலையில் து.த. துறையின் வாட்ஸாப்பில் போட்ட செய்தி: ஆய்வுக் குழுவினர் இரவல் ஆள் முறையை மற்ற கல்லூரிகளின் உளவியல் துறைகளுக்கும் பரிந்துரைக்கப் போகிறார்கள். செய்முறை அச்சாகி வந்துவிட்டது, படம் இணைத்திருந்தாள். அழகாக, படிப்படியாக. கடைசிப் படி இல்லை. அடியில் ஒரு வரி: மூலக் கருத்து, என் பெயர், என் பட்டங்களோடு. சரியான எழுத்துக்கூட்டலில்.

எவ்வளவு காலம் காத்திருந்த வரி. பெரிதாக்கிப் பார்த்தேன். பெயருக்கு மேலே, கடைசிப் படியை வெட்டிய இடம் வெள்ளையாகத் தெரிந்தது.

புது வருடத்தில் எத்தனை வகுப்புகளில் எத்தனை பிள்ளைகள் யாரையாவது போட்டுக்கொண்டு மணியடித்ததும் எழுந்து போவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கஸ்தூரி வாய்ப்பாரா.

து.த.விடம் பேசிப் பயனில்லை. முதல்வரிடம் போனால் துறைத் தலைவர் பதவி கிடைக்காதவன் புலம்பல் என்பார். என் பெயரைப் பார்த்ததுமே முடிவுக்கு வந்துவிடுவார்கள். அதற்கு நானே நிறையக் காரணம் கொடுத்திருக்கிறேன்.

இந்தப் பக்கங்களைத் தட்டச்சு செய்வது. பிள்ளைகளின் பெயரையும் ஊரையும் மாற்றுவது. கடைசிப் படியை முதல் தாளில், பெரிய எழுத்தில். அந்தச் செய்முறை போகும் எல்லா உளவியல் துறைகளுக்கும் தபாலில். ஒரகடத்தில் என் முகம் தெரியும், ஆகவே நாளைக் காலை மறைமலை நகர் தபாலாபீஸ்.

கீழே பெயர் போடவில்லை.