தனிக் குப்பியில் ஐந்து நாள்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்கா,

நான் நலம். நீயும் உன் ஈக்களும் நலமா? போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நான் கத்துவேன், நான்காவது நிமிடம் நீ வைத்துவிடுவாய். அதனால்தான் மறுபடியும் பேனாவை எடுத்தேன். காகிதத்தில் எவ்வளவு கத்தினாலும் உன் காதுக்குச் சேதமில்லை.

கடையில் வேலைக்குக் குறைவில்லை. வெயில் ஏற ஆரம்பித்தால் ஊரிலுள்ள கிழட்டு ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒரே வாரத்தில் படுத்துவிடும். நேற்று ஒரு டீச்சர் தன் ஃப்ரிட்ஜ் இருமுகிறது என்று சொல்லிக் கூட்டிப்போனார். போய்ப் பார்த்தால் நிஜமாகவே இருமுகிறது! கம்ப்ரஸரின் ரப்பர் கால் நான்கில் இரண்டு இல்லை.

சரி, சுற்றி வளைக்கவில்லை. நான் இப்போது வீட்டில் இல்லை. இரண்டு மாதமாகக் கடைக்கு மேலே உள்ள அறையில் இருக்கிறேன். டிசம்பரில் ஒருநாள் எங்கள் வீட்டு வாண்டு என் கருவிப்பெட்டியைக் கவிழ்த்துவிட்டாள். திருகெல்லாம் தரையில் சிதறியது. நான் கையிலிருந்த ஸ்பானரைச் சுவரில் எறிந்தேன். அவள் தலைக்கு ஒரு முழம் தள்ளிப் பட்டது. நான்கு வயதுக் குழந்தை, அக்கா. அவள் அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. நானே துணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நான் தூரத்தில் இருப்பதுதான் அவளுக்கு நல்லது.

என் வீட்டுக்காரி போன வாரம் கடைக்கு வந்தாள். "ஸ்கூல் திறக்கிறதுக்குள்ள வந்துடுங்க. அப்பா வேலைக்குப் போயிருக்காருன்னு எத்தனை நாள் நான் புளுகுறது? அதுக்கப்புறம்னா வரவே வேணாம்" என்றாள்.

நீ ஆய்வகத்தில் ஈக்களின் கோபத்தையே ஆராய்கிறவள். பூசி மெழுகாமல் சொல். அப்பாவின் கோபம் எனக்கு ரத்தத்தில் வந்ததா? ஆமாம் என்றால் நான் அந்த வாசற்படி ஏறமாட்டேன்.

உன் தம்பி


பிப்ரவரி 17

என் அருமைத் தம்பிக்கு,

இரண்டு மாதமாகவா? உன்னை என்ன செய்தால் தகும்! எனக்கு ஒரு வரி எழுத உன் கை வலித்ததா? படித்துவிட்டு ஆய்வகக் கழிப்பறையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு ஈ மேய்க்கப் போனேன்.

கேட்டதற்குப் பதில். பழுத்த வாழைப்பழத்தைச் சுற்றுமே, அந்தக் குட்டி ஈதான் எங்கள் ஈ. கொஞ்சம் தீனியை நடுவில் வைத்து இரண்டு ஆண் ஈக்களை விட்டால் ஒன்று பின்காலில் எழும்பி இன்னொன்றின் மேல் தொப்பென்று விழும். முன்காலால் குத்துச்சண்டை போடும். தோற்றது ஓடும், ஒருமுறை தோற்றது அடுத்த சண்டையிலும் தோற்கத்தான் பார்க்கும். சண்டைக்கார ஈக்களையே பொறுக்கி முப்பது தலைமுறை வளர்த்தோம். இப்போது அந்த வம்சத்துக்கு மூக்கு நுனியில் கோபம். மூளையில் சில நரம்பு செல்களை மட்டும் தூண்டிவிட்டால் சாது ஈகூடக் கண்டதன்மேல் பாயும். ஆகவே ரத்தத்துக்குப் பங்கு உண்டு. உன்னிடம் பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் பங்குதான், முழுச் சொத்து இல்லை. ஈ வேறு, மனிதன் வேறு. உன் ரத்தத்தைச் சோதித்து இவன் ஸ்பானர் எறிவானா என்று சொல்லும் மருத்துவர் எங்கும் கிடையாது. 'கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும்' என்று அப்பாவுக்கு வக்காலத்து வாங்கியே அம்மா காலத்தை ஓட்டினாள். நான் உனக்கு அப்படி வாங்கமாட்டேன். எறிந்தது தப்பு. ஆனால் வீட்டுக்குப் போ.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்கா,

ரத்தத்துக்குப் பங்கு உண்டு என்று நீயே எழுதிவிட்டாய். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் அக்கா பாசம். முடிவு பண்ணிவிட்டேன், இங்கேயே இருந்துகொள்கிறேன். வீட்டுச் செலவுக்கும் குறை வைக்கமாட்டேன்.

இங்கே எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஒரு அடுப்பு, ஒரு கட்டில், பழுது பார்த்த ஃப்ரிட்ஜ் மூன்று. கூப்பிடுகிற நண்பர்களிடமும் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். யாரும் கிட்டே வராவிட்டால் யாருக்கும் அடிபடாது பார். ஆனாலும் ஒன்று. முன்பெல்லாம் வாடிக்கையாளரிடம் நான் குரல் உயர்த்தியதே இல்லை. போன மாதம் மட்டும் மூன்று பேரிடம் கத்திவிட்டேன். ஒருவர் கதவுப் பிடியை எடுத்துவர மறந்துவிட்டார், அவ்வளவுதான். நோய் முற்றுகிறது போல. வீட்டுக்குப் போகாமல் இருந்ததே நல்லதாயிற்று.

தம்பி


மார்ச் 14

தம்பி,

மூன்று பேரிடம் கத்தினாய் என்ற வரியைப் பத்து தடவை படித்தேன். இந்தக் கடிதத்தையாவது கடைசிவரை படி. நடுவில் நிறுத்தினால் அடுத்த வண்டியில் வந்து காதைத் திருகுவேன்.

போன வாரம் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். சண்டைச் சோதனைக்கு முன் எங்களுக்கு ஒரு நடைமுறை உண்டு. கூட்டுப்புழு உறையிலிருந்து வெளிவந்த ஆண் ஈயை உடனே தனிக் குப்பியில் போட்டுவிடுவோம். ஒரு குப்பிக்கு ஒரே ஈ. ஐந்து நாள் அது இன்னொரு ஈயின் முகத்தைப் பார்க்காது. அதை நான் உறிஞ்சு குழாயால் ஒவ்வொன்றாக எடுத்து மாற்றவேண்டும். அன்று அவசரத்தில் சண்டைக்கார வம்சத்து அண்ணன் தம்பி பன்னிரண்டு பேரையும் ஒரே குப்பியில் விட்டு மூடிவிட்டேன். சீட்டில் 'தனி' என்றும் எழுதிவிட்டேன்!

ஆறாம் நாள் இரண்டை எடுத்துக் களத்தில் விட்டேன். இரண்டும் தீனியில் ஏறிப் பக்கத்தில் பக்கத்தில் நின்று சாப்பிட்டன. இன்னும் இரண்டு. அதே கதை. முப்பது தலைமுறை உழைப்பு பாழ் என்று எனக்கு வியர்த்துவிட்டது. பிறகுதான் எல்லாவற்றையும் ஒரே குப்பியிலிருந்து எடுக்கிறேன் என்பதைக் கவனித்தேன். எங்கள் மேடம் சிரித்தார். "இது ஊருக்கே தெரிஞ்ச பழைய விஷயம்மா. கூட்டத்துல வளர்ந்தா சாது, தனியா கெடந்தா முரடு. அதனாலதானே தனிக் குப்பி. சண்டை நல்லா தெரியணும்ல?" என்றார்.

எனக்கும் தெரியும்தான், ஏட்டில். இருபது வருஷமாக ஈக்களைத் தனியே அடைத்தது என் கைதான். ஆனால் அன்றைக்குத்தான் உன் அறை என் கண்முன் வந்தது. ரத்தம் அதேதான். பன்னிரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். குப்பிதான் வேறு.

நீ ஈ இல்லை என்று எனக்குத் தெரியும். நீ வீட்டுக்குப் போனால் கோபமே வராது என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. ஆனால் குழந்தையைக் காப்பாற்றுவதாக நினைத்து உனக்கு நீயே செய்துகொள்வது, நாங்கள் சண்டைக்குத் தயார் செய்யும்போது ஈக்குச் செய்வதேதான். அதைச் சொல்லாமல் இருந்தால் நான் உனக்கு அக்கா இல்லை.

இன்னொன்று. எனக்கும் அதே அப்பாதான். பதினைந்து வயதில் நான் ஹாஸ்டலுக்குப் போனேன். அறைக்கு ஆறு பேர், கோபப்படக்கூட இடமில்லை. நீ அந்த வீட்டில் அவரோடு தனியாக மாட்டினாய். உன்னைவிட்டுப் போனதற்கு நான் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். மன்னித்துவிடு, என் ராஜா. வீட்டுக்குப் போ. பயமாக இருக்கிறது என்று உன் வீட்டுக்காரியிடம் வாய்திறந்து சொல்.

உன் அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்கா,

போய்விட்டேன். மூன்று வாரமாகிறது. உன் கடிதத்தைக் கடைசிவரை படித்தேன், அதுவும் நின்றுகொண்டே. வாடிக்கையாளர் ஒருவர் காத்திருந்து பார்த்துவிட்டு நாளை வருகிறேன் என்று போய்விட்டார். மன்னிப்பெல்லாம் எதற்கு? நீ போனாய் என்பதால்தானே, அந்த வீட்டைவிட்டுப் போகமுடியும் என்று எனக்கே தெரிந்தது.

வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பயத்தையும் சேர்த்து. அழுவாள் என்று நினைத்தேன். சட்டம் போட்டாள். "கோபம் வந்தா கத்துங்க, நான் தடுக்கல. ஆனா ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டுத்தான் கத்தணும். கருவிப்பெட்டி கடையை விட்டு வரக்கூடாது." சரி என்றேன். சிரிப்பாகத்தான் இருந்தது.

இருபது நாள் பூனை மாதிரி நடந்தேன். நேற்று சாயங்காலம் அந்த நாள் வந்தது. ஒரு வாடிக்கையாளரின் ஃப்ரிட்ஜ் சர்க்யூட் போர்டை மேஜைமேல் வைத்திருந்தேன். வாண்டு அதன்மேல் முழு டம்ளர் பாலைக் கொட்டிவிட்டாள். எனக்குக் கழுத்தில் ரத்தம் ஏறுவது தெரிந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கத்தினேன், அக்கா. நன்றாகவே கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

கத்திக்கொண்டே அவள் எங்கே ஓடப்போகிறாள் என்று பார்த்தேன். அப்பா குரல் வாசலில் கேட்டாலே நாம் இருவரும் கட்டிலுக்கு அடியில் இருப்போமே. இவள் நகரவில்லை. ஈர மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்பா கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற? நீ என்ன தப்பு பண்ண?" என்றாள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் துணி எடுத்துவந்து என் முகத்தைத் துடைத்தாள், பால் துடைத்த அதே துணியால்.

அவளுக்கு என்னைக் கண்டு பயமில்லை, அக்கா.

உன் தம்பி