ஏலத்துல எடுத்த வண்டி

சிவமயம்

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்
ஆனி 26, வியாழக்கிழமை

அன்புள்ள சேரனுக்கு சித்தி மங்கலம் எழுதறது. பாடலீஸ்வரர் புண்ணியத்துல நானும் உங்க சித்தப்பாவும் உன் தங்கச்சி எழிலரசியும் இங்க நல்லா இருக்கோம், அங்க அமெரிக்காவுல நீயும் பவானியும் அவ வயித்துல இருக்கற சின்னதும் ஒரு தலைவலி காய்ச்சல் இல்லாம இருக்கணும்னு தெனம் ரெண்டு வேளையும் வெளக்கேத்திக் கேட்டுக்கிட்டிருக்கேன். போன் இருக்கச்சே இன்னாத்துக்குக் கடுதாசின்னு நெனைப்ப. போன்ல நான் பேச ஆரம்பிச்சா நீ சரி சித்தி சரி சித்தின்னு சொல்லிட்டு வச்சிடற, அன்னைக்கும் அப்படித்தான் வச்ச. அதான் எழுதறேன், முடிச்சதும் எழில் இதை போட்டோ புடிச்சு அனுப்பிடுவா, நாளான்னைக்கு சனிக்கிழமைக்குள்ள நீ படிச்சாவணும்.

உன் வண்டி விஷயம்தான். அந்த நீளமான பழைய அமெரிக்கா காரை போட்டோ எடுத்து அனுப்பி, போலீஸ்காரங்க ஓட்டி முடிச்சி ஏலத்துல வுட்டது சித்தி, கப்பல் மாதிரி போவுது, ரிப்பேர்னா நானே கழட்டி மாட்டிக்குவேன்னு எவ்ளோ சந்தோஷமா சொன்ன. நான் ஒரு வார்த்தை நல்லதா சொல்லல. ஏல வண்டியில எவன் வயித்தெரிச்சல் ஒட்டிக்கிட்டிருக்கோ, பின் சீட்டுல வெலங்கு மாட்டுன கைதிங்கள்லாம் அழுதுக்கிட்டுப் போயிருப்பானுங்க, மாசமா இருக்கற பொண்ணை அதுல உக்கார வைக்கலாமா, மொதல்ல தள்ளி வுடுன்னு கத்தினேன். நீயும் மறுபேச்சு பேசல. ஆறு வயசுல எங்க அக்கா உன்னை என் கையில குடுத்துட்டுக் கண்ணை மூடினதுலேருந்து நான் சொல்லி நீ எதை மறுத்திருக்க. ஆனா போன வாரம் பவானி எழில்கிட்ட சொல்லியிருக்கா, வண்டிய வாங்க ஒருத்தர் சனிக்கிழமை வர்றாரு, இவரு தெனம் சாயங்காலம் போயி ஸ்டார்ட் கூடப் பண்ணாம ஸ்டியரிங்கைப் புடிச்சிக்கிட்டு சும்மா உக்காந்துட்டு வர்றாருன்னு. அதைக் கேட்டதுலேருந்து எனக்கு சோறு எறங்கல. அப்பவும் வாயைத் தொறந்து வேணாம் விக்காதன்னு சொல்ல மனசு வரல, ஏல வண்டின்னா ஏல வண்டிதானேன்னு பிடிவாதமா இருந்தேன்.

இதுக்கு நடுவுல இங்க ஒண்ணு நடந்துச்சி. சித்தப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆயி பங்குனிலேருந்து வாசப்படி தாண்டலன்னு உனக்குத் தெரியும். ஆட்டோவுல தூக்கிப் போடுது, சின்ன கார்ல காலை மடக்கி நொழைய முடியல, நான் வீட்டுலயே கெடக்கறேன் வுடுங்கன்னு செவுத்தைப் பாத்துப் படுத்துக்குவாரு. பஸ் டெப்போவுல அவரோட மெக்கானிக்கா இருந்த சிதம்பரம் தில்லைநாதன் அண்ணன் பாக்க வந்தாரு. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்கெல்லாம் வாடகைக்கு வுடறாரே, உன்னோடது மாதிரி நீளமா ஒரு பழைய இம்பாலா கார், அவருதான். மச்சான், சிதம்பரம் ஆனித் தேருக்கு என் வண்டியில வர்ற, நீ நடக்க வாணாம், படுத்துக்கிட்டே வான்னாரு. இவரு, என்னையும் மாப்பிள்ளை ஆக்கப் போறியாடா, உன் தங்கச்சி ஒத்துக்க மாட்டாளேன்னு நாலு மாசத்துக்கப்புறம் சிரிச்சாரு.

அந்த வண்டிய என்னான்னு சொல்லுவேன் சேரா. கதவைத் தொறந்தா நம்ம வீட்டு வாசக்கதவு அகலம். முன் சீட்டு ரெண்டா இல்ல, ஒரே சோபா மாதிரி, சித்தப்பா காலை நீட்டி அப்படியே சறுக்கி உக்காந்துட்டாரு. பின்னாடி நானும் எழிலும் தில்லைநாதன் அண்ணன் சம்சாரமும், அதுக்கு மேலயும் ஒரு ஆளு படுக்கலாம். ஆலப்பாக்கம் தாண்டி ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான், பஸ்ஸுல போனா குடல் வாய்க்கு வரும், இதுல ஊஞ்சல்ல ஆடற மாதிரி ஏறி எறங்குது. பழைய வண்டிதான், பெட்ரோல் ஜாஸ்தி குடிக்குதுன்னு அண்ணனே சொல்றாரு, ஆனா அது போற போக்குல ஒரு பதட்டமே இல்ல. புதுச்சத்திரத்துல முன்னாடி எட்டிப் பாக்கறேன், வலி வலின்னு கெடந்த மனுஷன் வாயைத் தொறந்து தூங்கறாரு. ரோட்டை அடைக்கறதுக்கு முன்னயே போயி தெற்கு வீதி முனையில ஒரு சந்துல நிறுத்தினோம், கதவைத் தொறந்து வச்சிக்கிட்டு உக்காந்த எடத்துலேருந்தே நடராஜர் தேர் அசைஞ்சி வர்றதைப் பாத்தாரு. ரெண்டு கையும் தலைக்கு மேல போச்சி. இதுக்கு முன்ன அவரு கண்ணுல தண்ணி வந்து நான் பாத்தது உன்னை ஏர்போர்ட்டுல ஏத்தி வுட்டப்பதான்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு மனசு தாங்கல, வண்டிக்கு சந்தனம் குங்குமம் வச்சி எலுமிச்சம்பழம் சுத்திக் கற்பூரம் காட்டினேன். இம்மாம் ராசியான வண்டி எந்த ஜமீன் வீட்டுலேருந்து வாங்கினீங்க அண்ணேன்னு கேட்டேன். ஜமீனா, நல்லா கேட்ட போ தங்கச்சி, நாப்பது வருஷம் முன்ன மஞ்சக்குப்பத்துல ஏலத்துல எடுத்தது, புதுச்சேரி சாராயம் கடத்தி மாட்டுன வண்டி, நீ உக்காந்தியே அந்த சீட்டுக்கடியிலதான் பாட்டில் அடுக்கியிருந்தானுவன்னாரு. என் மடியில கோயில் விபூதி. உங்க சித்தப்பாவுக்கு இது முன்னமே தெரியும். ஏன் சொல்லலன்னு கேட்டா, சொன்னா நீ ஏறியிருப்பியா, என்னையும் ஏத்தியிருப்பியா, புள்ளை ஆசையா வாங்கினதை மட்டும் தள்ளி வுடுன்ன, நீ இப்ப எதுல போயி சாமி பாத்துட்டு வந்தன்னு கேட்டாரு. நான் செஞ்ச வைத்தியத்துக்கெல்லாம் எழுந்திரிக்காத மனுஷனை சாமி அந்த சாராய வண்டியில ஏத்தித்தான் கூப்புட்டுக்கிச்சி. அதுக்கே ஆட்சேபணை இல்லன்னா நான் யாரு.

அதனால சேரா, சனிக்கிழமை வர்ற ஆளுகிட்ட வண்டி விக்கறதுக்கு இல்லன்னு சொல்லிடு. நான் பேசினது தப்பு, மனசுல வச்சிக்காத. அங்க பனியில பவானி இடுப்பு வலியோட ஆஸ்பத்திரி போவ அந்த மாதிரி வண்டிதான் வேணும். நாலு டயருக்கும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வச்சி ஏத்தி எடு, கற்பூரத்தைத் தள்ளி நின்னு காட்டு, இந்தக் கடுதாசிய நீ படிச்ச அடையாளமா ஒரு போட்டோ அனுப்பு. பவானி இரும்பு மாத்திரையை மறக்காம போடட்டும், படி ஏறச்சே கைப்புடியைப் புடிச்சிக்கச் சொல்லு. ஒரு நல்ல சேதி, பிளேன்ல என்னால முடியாதுன்னு இருந்த சித்தப்பா இப்ப வீட்டுக்குள்ளயே பத்து சுத்து நடக்கறாரு, டாக்டர் சரின்னா கார்த்திகைப் பிரசவத்துக்கு நானும் வர்றேங்கறாரு.

தில்லை நடராஜரும் சிவகாமியும் உங்க மூணு பேருக்கும் தொணையா இருக்கட்டும், நூறு வயசு நல்லா இருங்க. ஏர்போர்ட்டுக்கு வேற வண்டி எடுத்துக்கிட்டு வந்துடாத. முன் சீட்டு உங்க சித்தப்பாவுக்கு. கைதி சீட்டுல நான் உக்காந்துக்கறேன்.

உன் சித்தி,
சா. மங்கலம்