தெரியாம என்றொரு சொல்

டாக்டரே,

இன்று காலை சலவைக்கார முனிசாமி என் கறுப்புக் கோட்டைக் கொண்டுவந்தான். முதுகில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பதிந்து தீய்ந்திருந்தது. கருகிய கம்பளி வாடை வாசல் வரைக்கும். "தெரியாம பண்ட்டேன் சாமி. பேசிகினே இருந்தனா, கைய எடுக்க மறந்துட்டேன்" என்று தலையைச் சொறிந்தான். சரி போ என்று அனுப்பிவிட்டுக் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். காக்காய்க் கோட்டு என்று நீங்கள் கேலி செய்வீர்களே, அதுதான். உத்தியோகம் விட்டபின் அது பெட்டியோடு கிடந்தது. போன வாரம் ஓர் இடத்துக்குப் போட்டுக்கொண்டு போனதால் சலவைக்குப் போயிற்று. எங்கே போனேன் என்பதை உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீங்கள் படுத்திருக்கிற அம்பத்தூர்க் கல்லறைத் தோட்டத்துக்குத் தபால் போகாது. அது தெரியாத அளவுக்கு எனக்கு இன்னும் புத்தி கெடவில்லை. ஆனால் வேறு யாரிடம் சொல்வேன்? மனைவி உங்களுக்கு முன்பே போய்விட்டாள். இங்கே நசரத்பேட்டை ரோட்டில் பட்டாள லாரிகளும், பெட்ரோலுக்குப் பதில் கரியைப் போட்டு ஓட்டுகிற பஸ்ஸும் புகை கக்கிக்கொண்டு போகின்றன. யாரும் நிற்பதில்லை. நீங்கள் வழக்கமாக வருகிற நேரம், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, எங்கே சைக்கிள் மணி கேட்டாலும் எழுந்து நின்றுவிடுகிறேன். பிறகு எதற்கு எழுந்தோம் என்று வெட்கமாக இருக்கிறது.

பூந்தமல்லிக் கோர்ட்டில் நான் ரைட்டர். குற்றவாளி தமிழில் சொல்வதை இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பது என் வேலை. பட்டணத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, அவனுக்குக் குற்றம் செய்த நேரத்தில் புத்தி சரியாக இருந்ததா என்று பார்த்துச் சொல்வது உங்கள் வேலை. சப் ஜெயிலில் நீங்கள் முதலில் செய்கிற காரியம்தான் எனக்கு எரிச்சலாக இருக்கும். "இந்தாப்பா, நான் டாக்டருதான். ஆனா உனக்கு வைத்தியம் பாக்க வரல. கோர்ட்டு கேட்டுது, வந்திருக்கேன். நீ சொல்றத அங்க சொல்லிடுவேன். யோசிச்சுப் பேசு" என்பீர்கள். தூண்டிலைக் காட்டிவிட்டு மீன் பிடிக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று கிண்டல் செய்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "டாக்டர்னு சொன்னா நம்பிடுவான் ரைட்டரே. அந்த நம்பிக்கைய நான் திருடக் கூடாது" என்றீர்கள்.

வேப்பம்பட்டுக் கன்னியப்பன் வழக்கு வந்தது. மடையில் தண்ணீர் யாருக்கு முறை என்று சண்டை. அண்ணனை மண்வெட்டியால் ஒரே அடி. அண்ணன் அங்கேயே போய்விட்டான். இவன் மண்வெட்டியை அலம்பிக்கொண்டு, போலீஸ் வருகிற வரைக்கும் மிச்ச வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். கோர்ட்டில் ஏன் அடித்தாய் என்று கேட்டதற்கு, "தெரியாம அட்ச்சுட்டேன் சாமி" என்றான். அதற்கு மேல் பேசாமல் அழுதான்.

தெரியாம என்றால் என்னவென்று நம் ஊரில் யாருக்குச் சொல்ல வேண்டும்? பஸ்ஸில் கால் மிதிபட்டால் தெரியாம. பால் கொட்டினால் தெரியாம. தப்பு நடந்துபோச்சு, மன்னித்துவிடு என்று அர்த்தம். இன்று முனிசாமி சொன்னதும் அதுதான். நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'நான் செய்வது இன்னதென்று அந்நேரம் எனக்குத் தெரியவில்லை' என்று இங்கிலீஷில் எழுதினேன். பைத்தியத்துக்குச் சட்டப் புத்தகத்தில் போட்டிருக்கிற அதே வாசகம். வெளியே புளியமரத்தடியில் அவன் பெண்டாட்டி இரண்டு பெண் குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தூக்குக் கயிற்றிலிருந்து ஒருவனை நான் இறக்கிவிடப் போகிறேன் என்று கர்வமாகக்கூட இருந்தது.

நீங்கள் வந்து வழக்கமான எச்சரிக்கையைச் சொன்னீர்கள். "அப்டீன்னா நான் ஒண்ணியும் பேசல சாமி" என்று அவன் வாயை மூடிக்கொண்டான். ஒரு மாதம் அவன் சாப்பாட்டையும் தூக்கத்தையும் பார்த்தீர்கள். இந்தப் பக்கமும் சொல்ல முடியவில்லை, அந்தப் பக்கமும் சொல்ல முடியவில்லை. கையில் இருந்தது என் ஒரு வரிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து, சைக்கிளைக்கூட நிறுத்தாமல் பிடித்துக்கொண்டே கேட்டீர்கள்: "இந்த வரி அவன் வாயில வந்ததா, உங்க பேனாவுல வந்ததா?"

"அவன் வாய்லதான்" என்றேன்.

நம்பினீர்கள். சொன்னது நான் என்பதால் நம்பினீர்கள். உங்கள் ரிப்போர்ட்டை செஷன்ஸ் ஜட்ஜ் துரை ஏற்றுக்கொண்டார். கன்னியப்பன் உயிர் தப்பியது. மறு உத்தரவு வருகிற வரைக்கும் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. அந்த மறு உத்தரவு இன்றுவரை வரவில்லை.

இதோடு நின்றிருந்தால்கூட மறந்திருப்பேனோ என்னவோ. நீங்கள் டாக்டருக்குப் படிக்கிற பையன்களுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்து, ஒருநாள் என்னையும் கூட்டிப் போனீர்கள். அந்த வரியைப் படித்துக் காட்டினீர்கள். "மனசு எப்படி இருந்ததுன்னு நாம கண்ணால பாக்க முடியாது. அவன் சொன்ன சொல்லு மட்டும்தான் மிச்சம். அதுல ஒரு எழுத்துகூட மாத்தாம எழுதின மனுஷன் இதோ ஒக்காந்திருக்கார்" என்றீர்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். இந்தக் கோட்டுக்குள் முதுகெல்லாம் நனைந்துவிட்டது.

வருஷா வருஷம் அதே பாடம். திரும்பி வரும்போது சொல்லிவிடலாம் என்று வருஷா வருஷம் நினைத்தேன். பென்ஷன் போய்விடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய். சொல்லிவிட்டால் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டீர்கள். அந்த ஒரு பயம்தான். உங்களை வைத்துக்கொள்ள அவனை உள்ளே வைத்திருந்தேன். கடைசியில் நீங்களும் இல்லை.

போன வாரம் போனது அவனைப் பார்க்கத்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. தோட்டத்தில் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். உங்கள் வழக்கப்படியே ஆரம்பித்தேன். "நான் டாக்டர் இல்லப்பா. கோர்ட்டு ரைட்டர். நீ சொல்றத வெளியில சொல்லிடுவேன்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பாத்தியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அத்தாங்காட்டியும் என்னப் பைத்தியம்னாங்களா? நான் எங்க அண்ணங்கைல மன்னிப்பு கேட்டேன் சாமி. அத்தத்தான் நீ எய்திக்கினு இருந்தேன்னு நென்ச்சேன்." அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டு, "பைத்தியக்காரன் ஊட்டுப் பொண்ணுன்னுட்டு பெர்ய பொண்ண எவனும் கட்டிக்கல" என்றான். திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

பிறகுதான் கேட்டான். "இது டாக்டரய்யாவுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"அவுரு கைல சொல்லிடு சாமி. அவுரு நல்ல மன்சன். கேட்டார்னா என்ன ஊட்டுக்கு அனுப்சுடுவாரு."

நீங்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான். நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டதை நான் சொல்லவில்லை. சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

உங்கள் இடத்தில் இப்போது இருக்கும் பெரிய டாக்டருக்கும் கோர்ட்டுக்கும் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். நாளைத் தபாலில் போகும். அவனை விடுவார்களா, என்னைப் பிடிப்பார்களா, தெரியாது. கூப்பிட்டால் இந்தக் கோட்டோடு போவேன். முதுகில் இருக்கிற கருகலை ஒட்டுப் போட்டு மறைக்க வேண்டாம் என்று முனிசாமிக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

கன்னியப்பன் கேட்டுக்கொண்டபடி உங்கள் கையில் சொல்லியாகிவிட்டது, டாக்டரே. மன்னிப்புக் கேட்க நம் ஊரில் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. அதை என்னால் உங்களிடம் சொல்ல முடியாது. நான் தெரிந்துதான் எழுதினேன்.