ஹமூது மாமாவுக்குப் போகும் மின்னஞ்சல்

அன்புள்ள அம்மாவுக்கு, மஸ்கட்டிலிருந்து நுஹைலா. உங்கள் முழங்கால் வலி தணிந்ததா? நான் சுகம், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

எங்கள் நிறுவனத்தின் சொந்த சர்வரில் யார் எந்த நிரலைத் திருத்தினாலும் எல்லோருக்கும் மின்னஞ்சல் பறக்கும். அவரவருக்கு வேண்டியது மட்டும் போகும்படி மாற்றும் வேலை எனக்கு வந்தது. எங்களோடு வேலை பார்த்து, ஓய்வுபெற்று, கடலோரச் சூர் நகருக்குப் போய்விட்ட ஹமூது மாமாவுக்கும் அவை போய்க்கொண்டிருந்தன. நிறுத்திவிட்டேன்.

மறுநாள் அவரே அழைத்தார். பின்னால் கடல் இரைந்தது.

"என்னம்மா, ஆபீஸை மூடிட்டீங்களா? ஒரு மெயிலும் காணோமே!"

"ரிட்டயர் ஆயிட்டீங்களே மாமா, இன்னுமா அதையெல்லாம் படிக்கிறீங்க?"

"யாரு படிச்சா? டிங்குனு சத்தம் வந்தா, பக்கத்து ரூம்ல நீங்கள்லாம் நடமாடுற மாதிரி இருக்கும். கேட்டுக்கிட்டே கண்ணசருவேன்."

மேலாளரிடம் சொன்னேன். "நிரல் வெளிய போகக்கூடாது. திருத்தினவங்க பேர் மட்டும் போகட்டும், மனுஷன் தூங்கட்டும்" என்று சிரித்தார். அப்படியே அமைத்தேன். முதலில் என் பெயர்தான் போனது. அந்தக் கடலோர அறையில் அது ஒலிப்பதை நினைத்தபடி வெகுநேரம் ஜன்னலருகே நின்றேன்.

நீங்கள் அரைக்கும் ஹரீஸா மிளகாய் விழுது கொஞ்சம் அனுப்புங்கள், இங்கே கிடைப்பதில் காரமே இல்லை. அப்புறம், குஸ்குஸ் ரவையை அவிக்கும்போது என்னை அழைத்து, போனை அடுப்படியிலேயே வைத்துவிடுங்கள். பேச வேண்டாம் அம்மா. நீங்கள் பாட்டுக்கு வேலையைப் பாருங்கள்.

ஆபீஸ் கார் வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறார்கள்.

உங்கள்
நுஹைலா