அம்மன் முள்ளை அவித்த நாள்

பருத்தித்துறை
20.06.1993

தேவராசாவுக்கு,

கிளாலிக் கடலைக் கடந்து கொழும்புக்குப் போய்ச் சேர்ந்திட்டாய் எண்டு அறிஞ்சன். அது காணும்.

கப்பலிலை போன பிள்ளை உயிரோடை திரும்பினால் முதுகிலை இரும்பு முள்ளுக் குத்திக் காவடி எடுப்பான் எண்டு முத்துமாரியிட்டை நேர்ந்தவள் நான். உன்ரை அப்பர் தன்ரை காவடிக்குக் குத்தின முள்ளுகளை எடுத்துத் திருநீறு பூசி வைச்சிருந்தன். சனம் பாத்து நிக்க, "மாட்டன்" எண்டு சொல்லிப்போட்டு விறுக்கெண்டு போனாய். உனக்குப் பிறகு எடுக்க இருந்த உன்ரை தம்பி பஞ்சலிங்கம் தனிய எடுத்தான். நான் தலை குனிஞ்சு நடக்கிறன். வெளிநாடு கண்டவுடனை சாமி வேண்டாமல் போச்சுதோ?

இனி இந்தப் படலைக்குள்ளை கால் வையாதை.

சிவக்கொழுந்து

கொழும்பு
03.09.1993

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்களுக்கு முத்துமாரி துணை நிக்கட்டும். நான் சாமியை விடேல்லை.

எனக்கு எயிட்ஸ் அம்மா. கப்பலிலை திரிஞ்ச காலத்திலை நான் விட்ட பிழை. இரத்தத்தாலை தொத்துற வருத்தம். எனக்குக் குத்திக் கழட்டின முள்ளைத்தானே தம்பிக்கும் குத்த இருந்தியள்? "கொதிதண்ணியிலை போடுங்கோ" எண்டு கேட்டன். "அம்மன்ரை முள்ளை அவிக்கிறதோ, திருநீறு பூசினால் ஒண்டும் அண்டாது" எண்டு அதட்டினியள். அவ்வளவு சனத்துக்கு முன்னாலை நான் வேறை என்னத்தைச் சொல்ல?

இனி ஆர் காவடி எடுத்தாலும் ஆளுக்கு வேறை முள்ளு வையுங்கோ. அதையும் இருபது நிமிசம் கொதிக்க விடுங்கோ.

தொட்டால் தொத்தாது, பக்கத்திலை இருந்து சாப்பிட்டாலும் தொத்தாது. உங்கடை கையாலை ஒருக்காச் சோறு தின்ன ஆசையாக் கிடக்கு. வரட்டே?

மகன்
தேவராசா

பருத்தித்துறை
25.05.1994

என்ரை ராசாவுக்கு,

"வரட்டே" எண்டு கேட்ட உன்ரை கடிதம் எங்கை கிடந்ததோ, முந்தநாள்தான் வந்தது. நீ போயிட்டாய் எண்டு ஆசுப்பத்திரித் தாதி பெர்னடெட் எழுதினது மாசியிலேயே வந்திட்டுது. ஐயோ, பெத்த பிள்ளையை வராதை எண்ட பாவி நான். உனக்கு எழுதிப் பிரயோசனமில்லை. எழுதாமலும் இருக்க முடியேல்லை.

இண்டைக்குக் காவடி. கோயில் வீதியிலை அடுப்பு மூட்டி, ஆளுக்கு வேறை வேறையா முள்ளுகளை அவிச்சன். உன்ரை சித்தப்பா நமசிவாயம், "அம்மனுக்கு அடுக்குமோ?" எண்டு கத்தினார். "என்ரை பிள்ளை எயிட்ஸிலை செத்தவன். தம்பியைக் காப்பாத்தத்தான் முள்ளை வேண்டாம் எண்டவன். அம்மனுக்கு அது தெரியும், எனக்குத்தான் தெரியேல்லை" எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொன்னன். சனம் விலகி நிண்டுது. நிக்கட்டும். பஞ்சலிங்கம் அவிச்ச முள்ளோடைதான் ஆடினான்.

மத்தியானம் அவனுக்குப் பக்கத்திலை உனக்கும் இலை போட்டுச் சோறு குழைச்சு வைச்சன்.

வா ராசா.

அம்மா